18 மணி நேரமாக நிற்கும் சிஸ்டர் மேல் புகார் எழுதுவதா?

நொய்யல்கரை (திருப்பூர்) | செவ்வாய், இரவு 10:40

அப்பாவுக்குக் காலில் சர்க்கரைப் புண். போன வாரம் இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டு விரலை எடுத்தார்கள். ஆஸ்பத்திரி பெயர் சொல்லப்போவதில்லை, தயவுசெய்து கேட்காதீர்கள். நடந்ததைச் சொல்கிறேன், என்ன செய்யலாம் என்று நீங்கள் சொல்லுங்கள்.

மூன்றாம் நாள் விடியற்காலை ஐந்தரை மணி. நான் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தேன். சிஸ்டர் தட்டோடு வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. அப்பா பதினாலு வருஷமாகத் தனக்குத்தானே இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே, "ஏனுங் அம்மிணி, மருந்து நூறுங்களே, ஊசி செவப்பு மூடியில்லீங் இருக்குது?" என்றார்.

தெரியாதவர்களுக்காக: நம் நாட்டில் இன்சுலின் பாட்டில் இரண்டு விதமாக வருகிறது. ஒரு மில்லிக்கு 40 யூனிட் ஒன்று, 100 யூனிட் ஒன்று. நாற்பதுக்குச் சிவப்பு மூடி போட்ட சிரிஞ்சு, நூறுக்கு ஆரஞ்சு மூடி. நூறு மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 50 யூனிட். இரண்டரை மடங்கு. அப்பா இரவு சரியாகச் சாப்பிடவும் இல்லை.

சிஸ்டர் ஊசியைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார், மறுபடி ஊசியைப் பார்த்தார். தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "சாரிங்கப்பா" என்று ஒரே வார்த்தை. அப்புறம் மெதுவாக விசாரித்தேன். முந்தின நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு டூட்டிக்கு வந்தவராம். இரவு வர வேண்டிய பெண்ணுக்குக் காய்ச்சல். வேறு ஆள் இல்லை, நீயே இருந்துவிடு என்று சொல்லிவிட்டார்கள். காலை எட்டுக்குத்தான் விடுவார்கள். கணக்குப் போட்டால் 18 மணி நேரம். அந்த மாடியில் 24 படுக்கை, அவரும் ஓர் ஆயாம்மாவும்.

தங்கை எழுதிப் புகார் கொடு என்கிறாள். அப்பா, "அந்தப் புள்ள மேல எழுதுனீன்னா எங்கூடப் பேசாதே" என்கிறார். எனக்கு இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகப் படுகிறது.

—

நைட்_டூட்டி_அக்கா (கோவை) | செவ்வாய், இரவு 11:55

19 வருஷமாக நர்ஸ், இப்போது வார்டு இன்சார்ஜ். ஊசி உள்ளே போகாமல் தப்பியது உங்கள் அப்பா புண்ணியம். இன்சுலினை இரண்டு நர்ஸ் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் போட வேண்டும் என்று எங்களுக்குப் பாடம். மாடிக்கு ஒரே நர்ஸ் என்றால் அந்த இரண்டாவது ஆள் எங்கிருந்து வருவார்? அன்றைக்கு உங்கள் அப்பாதான் வந்திருக்கிறார்.

தனியாரில் பெரும்பாலும் டூட்டி இப்படி: காலை 8 முதல் 2, மத்தியானம் 2 முதல் 8, இரவு 8 முதல் காலை 8. இரவு மட்டும் 12 மணி நேரம். ஆள் வராவிட்டால் மத்தியான டூட்டிப் பெண் அப்படியே நின்றுவிடுவாள். எட்டு மணி என்பதும் பேச்சுக்குத்தான். ஹேண்டிங் ஓவர் (அடுத்த ஆளிடம் ஒப்படைப்பது), இண்டென்ட் (மருந்து கேட்டு எழுதும் சீட்டு), எழுதாமல் விட்ட கேஸ் ஷீட் எல்லாம் முடித்துச் செருப்பை மாட்டும்போது ஒன்பதரை.

விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்து வரை உடம்பு என்ன செய்யும் என்று சொல்கிறேன். பி.பி. பார்த்துவிட்டு நாலடி தள்ளிப் போய் எழுதுவேன். எழுதும்போது அந்த 130/80 ஏழாம் நம்பருடையதா எட்டாம் நம்பருடையதா என்று மண்டைக்குள் இருக்காது. திரும்பப் போய்ப் பார்த்தால் தூங்குகிறவர் எழுந்து திட்டுவார். ஒரு நாள் திட்டுக்குப் பயந்து ஏழில் எழுதிவிட்டேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஏழெட்டு வருஷம் ஆகிறது, இன்னும் அந்த வார்டைத் தாண்டும்போது அந்த இரண்டு கட்டிலையும் பார்க்காமல் போக முடியவில்லை.

இதை ஆராய்ந்தும் இருக்கிறார்கள். 2004இல் அமெரிக்காவில் 393 நர்ஸுகளிடம் நோட்டுக் கொடுத்துத் தினமும் எழுதச் சொன்னார்கள். பன்னிரண்டரை மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்த நாட்களில் தவறு நேரும் வாய்ப்பு மூன்று மடங்காக இருந்தது. உங்கள் சிஸ்டர் அதையெல்லாம் தாண்டிப் பதினைந்தரை மணி நேரத்தில் நின்றிருக்கிறார்.

—

பவானிக்கூடல் (ஈரோடு மாவட்டம்) | புதன், காலை 6:20

எல்லோரும் பாவம் பார்ப்பீர்கள் என்று தெரியும், ஆகவே மறுபக்கத்தை நான் சொல்லிவிடுகிறேன். என் அம்மாவுக்கு இரவு ட்ரிப்ஸ் தீர்ந்து டியூபில் ரத்தம் ஏறி நின்றது. மூன்று தடவை போய்க் கூப்பிட்டேன். "வர்றோம் போங்க" என்றார்கள். ஒருவர் போன் பார்த்துக்கொண்டிருந்தார். கை வீங்கி நாலு நாள் அவதிப்பட்டது அம்மா.

களைப்பு யாருக்கு இல்லை? லாரி டிரைவருக்கும் களைப்புத்தான். ஆள் மேல் ஏற்றிவிட்டு டபுள் டூட்டி என்றால் விட்டுவிடுவார்களா?

—

மூன்றாமாண்டு (நாமக்கல்) | புதன், காலை 7:05

அண்ணா, எங்கள் ஊர் லாரியில் தொலைதூரம் போனால் இரண்டு டிரைவர் ஏறுவார்கள். ஒருத்தர் ஓட்ட ஒருத்தர் தூங்குவார். சும்மா சொன்னேன்.

—

நைட்_டூட்டி_அக்கா | புதன், காலை 10:30

பவானிக்கூடல், உங்கள் அம்மாவுக்கு நடந்தது தப்பு. நான் இன்சார்ஜாக இருந்திருந்தால் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டிருப்பேன்.

ஆனால் லாரியை நீங்களே இழுத்துவிட்டதால் ஒன்று. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும் ரத்தத்தில் 0.05 சதவீதம் சாராயம் ஏறியவருடையது போலத்தான் வேலை செய்யும் என்று 1997இலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நம் ஊரில் வண்டி ஓட்ட வரம்பு 0.03. போலீஸ்காரரிடம் தூக்கத்தை ஊதிக் காட்ட முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம். அந்தப் பெண் பகல் இரண்டு மணிக்கு டூட்டிக்கு வந்திருந்தால் காலை ஏழு மணிக்காவது எழுந்திருப்பாள். ஐந்தரைக்கு ஊசி எடுக்கும்போது 22 மணி நேர விழிப்பு. அப்புறம் ஸ்கூட்டியில் வீட்டுக்கு வேறு போக வேண்டும். நைட் முடிந்து அவிநாசி ரோட்டில் சிக்னலில் நின்றபடியே நான் தூங்கியிருக்கிறேன், பின்னாலிருந்த பஸ்காரர் ஹாரன் அடித்துத்தான் விழித்தேன்.

போய்த் தூங்குகிறாளா என்றால் அதுவும் இல்லை. நான் கல்யாணமாகிப் போனது சோமனூர்ப் பக்கம். சுவருக்கு அந்தப் பக்கம் தறிக்குடோன். நைட் முடிந்து வந்து படுத்தால் தலையணைக்குள்ளேயே தறி ஓடுவது போல இருக்கும். நடுவில் தண்ணி வரும், பிடிக்க வேண்டும். ஒறம்பரை (விருந்தாளிகள்) வருவார்கள், "பகல்ல என்னங்கண்ணு தூக்கம்?" என்பார்கள்.

—

ரிடையர்ட்_ரிங்பிரேம் (சிங்காநல்லூர்) | புதன், மதியம் 12:15

நான் மில்லில் 31 வருஷம். மூன்றாம் ஷிப்ட் எத்தனை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. மூன்று மணிக்கு மேல் நூல் அறுந்திருப்பது கண் முன்னால் இருக்கும், புத்தியில் ஏறாது. மேஸ்திரி வந்து தோளில் தட்டினால்தான் ஒட்டுவோம். சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றபடி தூங்கியவரை எழுப்பியிருக்கிறேன்.

எங்களுக்குச் சங்கு ஊதினால் வேலை முடிந்தது. அடுத்த ஷிப்ட் ஆள் வராமல் நிற்கச் சொன்னால் ஓ.டி., அதற்கு இரட்டைச் சம்பளம் என்று ஃபேக்டரி சட்டத்திலேயே இருந்தது. பஞ்சு நூலுக்கே அத்தனை சட்டம்.

—

நொய்யல்கரை | புதன், மதியம் 1:40

ஐயா சொன்னதும்தான் எனக்கு உறைத்தது. நான் பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். இங்கே காலை எட்டரைக்கு ஏறி இரவு எட்டரைக்கு இறங்கினால் அதை நாங்கள் ஒரு ஷிப்ட் என்று சொல்வதில்லை. ஒன்றரை ஷிப்ட். சனிக்கிழமை சம்பளம் வாங்கும்போது அந்த அரையைத் தனியாக எண்ணி வாங்குவார்கள். ஓர் அரை விட்டுப்போனால் கம்பெனியே கிடுகிடுக்கும்.

அதே 12 மணி நேரம் ஆஸ்பத்திரியில் ஒரு நைட். அக்கா, அந்த 18 மணி நேரத்துக்கு அந்த சிஸ்டருக்கு என்ன கொடுப்பார்கள்?

—

நைட்_டூட்டி_அக்கா | புதன், மதியம் 2:10

நல்ல இடமாக இருந்தால் இன்னொரு நாள் ஆஃப். அந்த ஆஃபையும் எப்போது எடுக்கலாம் என்று அவர்கள்தான் சொல்வார்கள். சில இடத்தில் ஒரு டீயும் பன்னும்.

—

நிர்வாகி | புதன், மாலை 4:00

ஆஸ்பத்திரிகளின் பெயர் போட்ட இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். விஷயத்தைப் பேசுங்கள், பெயர் வேண்டாம்.

—

முப்பது_படுக்கை (கோபி வட்டாரம்) | புதன், இரவு 9:30

ஒரு சின்ன நர்சிங் ஹோம் நடத்துகிற டாக்டர் நான். திட்டு விழும் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) அல்லது பி.எஸ்ஸி. நர்சிங் முடித்த பெண்ணை எடுக்கிறேன். ஆறு மாதம் பழக்குகிறேன். ஒன்றரை வருஷம் அனுபவச் சான்று கையில் வந்ததும் கோவைக்கோ வளைகுடாவுக்கோ ஜெர்மனிக்கோ போய்விடுகிறாள். குறை சொல்லவில்லை, என் பெண்ணாக இருந்தாலும் போகத்தான் சொல்வேன். மீதி இருப்பவர்கள் நாலு பேர். ஒருத்திக்குக் கல்யாணம், ஒருத்திக்குப் பிரசவம், ஒருத்திக்கு ஊரில் நோம்பி (திருவிழா) என்றால் மிஞ்சுவது ஒரு ஆள். அன்றைக்கு டபுள் டூட்டி போடாமல் என்ன செய்வது? ஆள் இல்லை என்று ஆபரேஷன் முடிந்தவரை வீட்டுக்கு அனுப்பவா?

இன்னொன்று, இன்சூரன்ஸில் ஒரு கேஸுக்கு இவ்வளவுதான் என்று பேக்கேஜ். அதில் நர்ஸுக்கு என்று தனி வரி கிடையாது. ரூம், தியேட்டர், மருந்து, டாக்டர் எல்லாம் பில்லில் தெரியும். நர்ஸ் தெரியமாட்டார்.

—

பவானிக்கூடல் | புதன், இரவு 9:52

டாக்டர், நேராகக் கேட்கிறேன். எவ்வளவு கொடுக்கிறீர்கள்? சுப்ரீம் கோர்ட் சொல்லி 2016இல் மத்திய அரசு போட்ட கமிட்டி, 50 படுக்கைக்குக் குறைவான இடத்திலும் மாதம் 20,000க்குக் குறையக் கூடாது என்று சொல்லியிருந்தது. 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்ஸுக்குச் சமமாக. நேற்று இரவு உட்கார்ந்து தேடிப் படித்தேன்.

—

முப்பது_படுக்கை | புதன், இரவு 11:20

சீனியருக்குக் கொடுக்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுப்பதில்லை.

—

மூன்றாமாண்டு | வியாழன், காலை 5:50

இன்னொரு வகை ஆளை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். எங்களைப் போன்ற நர்சிங் ஸ்டூடண்ட்ஸ். பயிற்சிக்கு வார்டில் போஸ்டிங் என்று போடுவார்கள். பேப்பரில் ஸ்டாஃப் கண்காணிப்பில் என்று இருக்கும். போன மாதம் ஒரு ராத்திரி, 18 பேர் இருந்த வார்டில் நானும் இன்னொரு ஸ்டூடண்டும். ஸ்டாஃப் அக்கா ஐ.சி.யூ.வையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டு மேலேயும் கீழேயும் ஓடிக்கொண்டிருந்தார்.

ஆறு மணி ஊசிகளை நாலரைக்கே லோடு பண்ணித் தட்டில் வரிசையாக வைத்துவிடுவோம், அப்போதுதான் முடியும். சிரிஞ்சு மேல் பெயர் எழுதி ஒட்ட வேண்டும். பிளாஸ்திரி தீர்ந்துவிட்டால் கட்டில் வரிசைப்படி அடுக்கிவிடுவோம். அன்றைக்கு ஆயாம்மா மேசையைத் துடைக்கத் தட்டை நகர்த்தி, திருப்பி வைத்துவிட்டார். எல்லாமே தண்ணி மாதிரிதான் இருக்கும், எது எது என்று எப்படித் தெரியும்? மொத்தத்தையும் கொட்டிவிட்டுப் புதிதாக எடுத்தோம். ஏழு மணிக்கு ஊசி போனது, லேட் என்று திட்டு வாங்கினோம். மருந்துக் காசு எங்கள் கணக்கில் எழுதப்பட்டது.

இப்போதும் நைட்தான் முடிக்கப்போகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் மன்னிக்கவும்.

—

நைட்_டூட்டி_அக்கா | வியாழன், காலை 9:15

கொட்டினாயே, அது போதும் கண்ணு. திட்டினவர்களுக்குத் தெரியாது நீ என்ன செய்தாய் என்று. மருந்துக் காசை ஸ்டூடண்ட் கட்டுவது எந்த விதியிலும் இல்லை, உன் வார்டனிடம் எழுதிக் கேள்.

—

சர்க்கார்_வார்டு (சேலம் மாவட்டம்) | வியாழன், மாலை 6:45

அரசுப் பக்கம் நன்றாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். சம்பளம் நிரந்தரமானவர்களுக்கு நன்றாகவே இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நான் 2015இல், அரசு ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் எடுக்கும் எம்.ஆர்.பி. பரீட்சை எழுதித் தொகுப்பூதியத்தில் சேர்ந்தவள். அப்போது மாதம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் போராட்டத்துக்கு ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தோமே, அதில் நானும் ஒருத்தி. கோர்ட் வேலைக்குத் திரும்பச் சொல்லித் திரும்பினோம்.

இந்திய நர்சிங் கவுன்சில் கணக்குப்படி, மருத்துவக் கல்லூரி வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற ஆஸ்பத்திரியில் ஐந்து பேருக்கு ஒருவர். காய்ச்சல் சீசனில் என் வார்டில் கட்டிலுக்கு இருவர், கட்டிலுக்குக் கீழே பாயில் ஒருவர். எண்ணிப் பார்ப்பதையே நிறுத்திவிட்டேன்.

பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை வைத்து 2002இல் ஒரு கணக்கு எடுத்தார்கள், லிண்டா எய்க்கன் என்கிறவரின் குழு. ஆபரேஷன் நோயாளிகளில், ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடக் கூட, 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. அவர்கள் பேசியது நாலா, ஆறா, எட்டா என்று. எட்டு என்றால் எங்களுக்குத் தீபாவளி லீவு மாதிரி. கலிபோர்னியாவில் 1999இல் சட்டம் போட்டு, 2004லிருந்து ஒரு நர்ஸுக்கு இத்தனை பேர்தான் என்று கட்டாயமாக்கிவிட்டார்கள்.

—

ரிடையர்ட்_ரிங்பிரேம் | வியாழன், இரவு 7:30

ராத்திரியில் கொஞ்சம் கண் அசர விடுவார்களா சிஸ்டர்? எங்களுக்கு விடமாட்டார்கள். ஆனால் நாங்கள் பஞ்சு மூட்டைக்குப் பின்னால் விட்டுக்கொள்வோம்.

—

நைட்_டூட்டி_அக்கா | வியாழன், இரவு 8:40

விடக் கூடாது என்றுதான் விதி, ஐயா. சி.சி.டி.வி.யில் பார்த்து மெமோ கொடுப்பார்கள். என் வார்டில் நானே ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறேன், மேலே இருப்பவர்களுக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருக்கிறார்கள். இரண்டரையிலிருந்து நாலுக்குள், ஆளுக்கு இருபது இருபத்தைந்து நிமிஷம், முறை வைத்து. எழுந்ததும் பத்து நிமிஷம் ஊசியைத் தொடக் கூடாது, முகம் கழுவி ஒரு சுற்று நடந்துவிட்டு வர வேண்டும். எழுந்த உடனே இருக்கிற மப்பு, தூங்காததைவிட மோசம். அதிக நேரம் தூங்கினால் அந்த மப்பும் அதிகம், அதனால்தான் அந்த அளவு.

இதற்கும் இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி மட்டும் இருக்கிற மாடியில் இதுவும் நடக்காது.

கூட இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மருந்து இழுக்கும்போது எங்களிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். டிஸ்சார்ஜ் எப்போது, பில் எவ்வளவு என்பதெல்லாம் ஊசி போட்ட பிறகு கேளுங்கள். ஆனால் "இது என்ன மருந்துங்க, யாருக்குங்க?" என்று மட்டும் தாராளமாகக் கேளுங்கள். நல்ல நர்ஸ் கோபப்படமாட்டாள். களைத்த நர்ஸ் கோபப்படுவாள், ஆனாலும் கேளுங்கள். அப்புறம், ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாகப் பத்துப் பேர் சீக்குப் பார்க்க வருவதை இரண்டு பேராகக் குறைத்தால் உங்களுக்குக் கோயில் கட்டுகிறோம்.

—

பவானிக்கூடல் | வியாழன், இரவு 10:05

சரி. என் அம்மா விஷயத்தில் போன் பார்த்த சிஸ்டர் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, அதை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. ஆனால் அன்றைக்கு அவர் எத்தனை மணிக்கு வந்தார் என்று நான் கேட்கவில்லை. அது உண்மை.

நொய்யல்கரை, நீங்கள் எழுதுங்கள். ஆனால் அந்தப் பெண்ணின் பெயரைப் போடாமல் எழுதுங்கள்.

—

நொய்யல்கரை | ஞாயிறு, இரவு 9:15

வெள்ளிக்கிழமை அப்பாவை டிஸ்சார்ஜ் செய்தாயிற்று. பவானிக்கூடல் சொன்னபடியே எழுதினேன். ஒரு பக்கம், பெயர் இல்லை, தேதி மட்டும். இரண்டே கேள்வி: சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி ஊசிகள் ஏன் ஒரே டப்பாவில் இருக்கின்றன? 24 படுக்கைக்கு ஒரே சிஸ்டரை 18 மணி நேரம் யார் நிற்க வைத்தது? மேனேஜரிடம் நேரில் கொடுத்தேன். அவர் முதல் வரியைப் படித்துவிட்டு, "எந்த சிஸ்டருங்க அது?" என்றார். "எனக்குத் தெரியலைங்க, தூக்கக் கலக்கம்" என்றேன்.

அப்பா சக்கர நாற்காலியில் போகும்போது அந்த சிஸ்டர் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு எதிரில் வந்தார். "தூங்குனீங்களா அம்மிணி?" என்றார் அப்பா. "நேத்து ஆஃபுங்கப்பா, நல்லாத் தூங்குனேன்" என்றார். பேச்சு அவ்வளவுதான்.

நேற்று மேனேஜர் போன் செய்தார். நாற்பது ஊசியையும் நூறு ஊசியையும் வேறு வேறு அலமாரியில் வைத்துவிட்டார்களாம், கதவில் நிறம் ஒட்டியிருக்கிறார்களாம். இரவு டூட்டிக்கு இரண்டு பேர் போடுவதைப் பற்றிக் கேட்டேன். "பாக்குறோங்க" என்றார்.

—

நைட்_டூட்டி_அக்கா | ஞாயிறு, இரவு 9:40

எப்போது பார்ப்பார்கள் என்று கேட்டீர்களா?

—

நொய்யல்கரை | ஞாயிறு, இரவு 9:48

கேட்டேனுங்க. ஆடியில் புதுசா யாரும் வேலைக்குச் சேர மாட்டாங்களாம். ஆடி கழியட்டும் என்கிறார்.